குடிகாப்பு ஆராய்ச்சியும் பொதுப்பணமும்

அரசு தன் குடிகளைக் காக்கும் காவல் இருவகைப்படும். படையெடுத்து வரும் பகைவரிடமிருந்து காத்தல் ஒன்று. புயல், வெள்ளம், நிலநடுக்கம், தீ, கொள்ளைநோய் முதலியவற்றினின்று காத்தல் மற்றொன்று. முன்னையதற்குப் படை வேண்டும். பின்னையதற்கு அறிவு வேண்டும். படைக்குப் பொருள் ஒதுக்குங்கால் காரணம் வினவுவார் அரியர். அறிவுக்குப் பொருள் கேட்குங்காலோ, "இதனால் இவ்வாண்டு விளையும் பயன் யாது?" என்னும் வினா உடனே எழுகின்றது. இவ்வினாவிற்கு நம் கடற்கரையின் வரலாறே தக்க விடை தரும் என்பது எம் துணிபு.

அவ்வரலாற்றில் அழிவே முன்னும் ஆராய்ச்சி பின்னுமாக நிகழ்ந்து வந்திருக்கின்றது. 1864ஆம் ஆண்டில் கல்கத்தா நகரைப் பெரும்புயலொன்று பாழாக்கிற்று. 1866, 1871ஆம் ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. அதன் பின்னரே, 1875இல், இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. பிற நாட்டாரும் இவ்வகையில் நம்மினும் மிக்காரல்லர். 1946இல் ஹவாய்த் தீவுகளை ஆழிப்பேரலை தாக்கிய பின்னரே, அமெரிக்க அரசு 1949இல் ஆங்கோர் எச்சரிக்கை நிலையம் நிறுவிற்று. பசிபிக் பெருங்கடல் இவ்வாறு காவல் பெற்று அரை நூற்றாண்டு கடந்த பின்னும், இந்தியப் பெருங்கடல் அத்தகைய காவல் இன்றியே கிடந்தது.

அதன் விளைவை 2004 டிசம்பர் 26ஆம் நாள் கண்டோம். சுமாத்திராவின் அருகே நிலம் நடுங்கியபொழுது நம் நாட்டில் காலை மணி ஆறரை. அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அவ்விடைக்காலத்தில் கரையோரத்து மக்களை எழுப்பி மேட்டு நிலத்திற்கு அனுப்பப் போதிய அவகாசம் இருந்தது. அனுப்புதற்குரிய அமைப்புத்தான் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

ஆயினும், அன்று புதுச்சேரியைச் சார்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நிகழ்ந்ததை யாவரும் நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வூரார் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அச்செய்தி முழங்கிற்று. 3,000க்கு மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். அவ்வொலிபெருக்கி ஆழிப்பேரலையைக் கருதி நிறுவப்பட்டதன்று. கடல்நிலை முதலிய அன்றாடச் செய்திகளை அறிவித்தற்கே நிறுவப்பட்டது. ஆராய்ச்சியின் பயனை முன்கூட்டி அளந்து காட்டுக என்போர் இந்நிகழ்ச்சியைச் சிந்திப்பாராக.

பொதுப்பணம் முறையாகச் செலவிடப்படின் என்ன பயன் விளையும் என்பதற்கும் சான்று உண்டு. 2007இல் ஏறக்குறைய 125 கோடி ரூபாய்ச் செலவில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. ஒடிசாக் கரையை 1999 அக்டோபரில் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். 2019 மே மாதத்தில் அதே கரையைப் பானி என்னும் கடும்புயல் தாக்கியபோதோ, 12 இலட்சம் மக்கள் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டனர். அம்மாநிலத்தில் மாண்டோர் தொகை நூற்றினும் குறைந்தது. வானிலை அறிவும், புயற்புகலிடங்களும், ஊர்தோறும் பயிற்சி பெற்ற தொண்டரும் ஒருங்கு சேர்ந்ததன் பயன் இது.

இங்ஙனமாயினும் குறை முற்றும் தீர்ந்திலது. கரையில் இருப்பாரைக் காக்கக் கற்றோம். கடலில் இருப்பாரைக் காக்கக் கற்றிலோம். 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் விரைந்து வலுத்தபோது, ஆழ்கடலில் பன்னாள் தங்கி மீன்பிடிக்கும் குமரி மாவட்டத்தாரும் கேரளத்தாரும் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தனர். 200க்கு மேற்பட்டோர் கரை திரும்பவில்லை. அதன் பின்னர், 2019இல், செயற்கைக்கோள் வழியே படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் 'ஜெமினி' என்னும் கருவி வெளிவந்தது. அது செய்தியைப் பெறுமேயன்றி அனுப்பாது. புயலில் அகப்பட்டவன் தான் அகப்பட்டதைச் சொல்ல அதனால் வழியில்லை. செய்தி பெறவும் அனுப்பவும் வல்ல கருவிகளை ஓரிலட்சம் படகுகளுக்கு அளிக்கும் திட்டம், ஏறக்குறைய 360 கோடி ரூபாய் மதிப்பில், 2024 ஆகஸ்டில்தான் தொடங்கப்பெற்றது. ஒக்கிக்கும் இதற்கும் இடையே ஏழாண்டுகள் கழிந்தன. கடலில் உழல்வோரைத் தொடக்கத்திலேயே கலந்து வினவியிருப்பின், ஆராய்ச்சி இவ்விருவழித் தேவையினின்றே தொடங்கியிருக்கும் அன்றோ?

பொருள் ஒதுக்கும் முறையிலும் இத்தாமதம் காணப்படுகின்றது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், அழிவிற்குப் பின் உதவ ஒரு நிதியும், அழிவைத் தணிக்க ஒரு நிதியும் வகுத்தது. தேசியத் தணிப்பு நிதியை விரைந்து அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2016இல் பணித்தது; அந்நிதி 2021இல்தான் அமைந்தது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்குப் பதினைந்தாம் நிதிக்குழு வகுத்த பங்கீட்டில், நூற்றில் எண்பது பங்கு துயர்துடைப்பு முதலியவற்றிற்கும், இருபது பங்கு தணிப்பிற்கும் உரியன. புண்ணுக்கு மருந்திட எண்பதும் புண் வாராமற் காக்க இருபதும் என்னும் இவ்வளவை எக்காலத்திற்கும் பொருந்துவதாக யாம் ஏற்கமாட்டோம்.

ஆராய்ச்சிச் செலவைத் தனியார் ஏற்கட்டும் என்பாரும் உளர். 2023இல் சட்டம் பெற்ற அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்திற்கு ஐந்தாண்டுகளுக்கென மதிப்பிடப்பட்ட 50,000 கோடி ரூபாயுள் 36,000 கோடி அரசுக்குப் புறம்பான வழிகளில் வரும் என எதிர்பார்க்கப்பட்டது. ஊதியம் உள்ள துறைக்கு வணிகர் மனமுவந்து பொருள் தருவர், அஃது இயல்பு. சிறு படகில் செல்லும் ஏழை மீனவனின் உயிரைக் காப்பதில் எவ்வணிகனுக்கு ஊதியம் உண்டு? விலைக்கு விற்கவொண்ணாத நன்மையைப் பொதுப்பணமே ஈட்டித் தரல் வேண்டும்.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. தணிப்பு நிதியில் ஒரு கூற்றை ஆராய்ச்சிக்கென வரையறுத்து, பிறவற்றிற்கு மாற்றவொண்ணாதபடி காத்தல் முதலாவது. ஆராயத்தக்க பொருளைத் தெரிந்தெடுக்கும் அவைகளில் மீனவர், உழவர், தீயணைப்போர் முதலியோர்க்கும் இடமளித்தல் இரண்டாவது. ஆராய்ச்சியின் முடிவுகளை, வெற்றியாயினும் தோல்வியாயினும், மக்கள் மொழியில் வெளியிடுதல் மூன்றாவது. இம்மூன்றாவது இல்வழி, பாதுகாப்பு என்னும் பெயரால் குடிகளைக் காத்தற்குரிய பொருள் குடிகளை வேவு பார்த்தற்குச் செலவாயினும் எவரும் அறியார்.

வறிய நாட்டிற்கு இச்செலவு தகுமோ என்று சிலர் ஐயுறுவர். எகிப்து நாட்டில் யோசேப்பு தானியம் சேர்த்தது பஞ்சம் வந்த பின்னர் அன்று. விளைவு மிக்க ஏழாண்டுகளில். செல்வர் இழந்ததை மீண்டும் ஈட்டுவர். ஏழைக்குப் படகு ஒன்றே, உயிரும் ஒன்றே. வறுமை மிகுந்த நாட்டிற்கே முன்னறிவு மிகுதியும் வேண்டற்பாலது.

அறிவியல் பயிலும் நம் மாணாக்கருக்கு ஒரு சொல். அரசு பொருள் தந்தாலும், அதனைப் பயனாக்குவோர் நீவிரே. ஆய்வுக்கூடத்தின் கருவிகளை அறிந்தது போலவே கடற்கரைக் குப்பங்களையும் அறிமின். ஆங்கு வாழ்வாரிடம் அவர்க்கு வேண்டுவது யாதெனக் கேண்மின். அடுத்த புயல் எழுமுன் விடை காணவேண்டிய வினாக்கள் பல ஆங்கே உள்ளன.