மொத்தக் கணக்கைக் காட்டு!

மிராசுதார் வீட்டுக் கணக்குப்பிள்ளையை அறியாத விவசாயத் தொழிலாளி உண்டா? குறுவை அறுப்பும் தாளடி நடவும் மோதிக்கொள்ளும் புரட்டாசி மாதத்தை நினைத்துப் பாருங்கள். அறுப்புக்கு ஒரு நோட்டு, நடவுக்கு ஒரு நோட்டு, களத்து வேலைக்கு ஒரு நோட்டு. ஒரே ஆள் விடியலில் நாற்று பறித்து, வெயிலில் கட்டுச் சுமந்து, இருட்டிய பிறகு களத்தில் நெல் தூற்றுவான். மூன்று நோட்டிலும் அவன் பெயர் இருக்கும். மூன்றையும் கூட்டி, இந்த ஆள் இன்று எத்தனை நேரம் உழைத்தான் என்று சொல்லும் நான்காவது நோட்டு மட்டும் இருக்காது!

அந்த நோட்டுகள் இன்று கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. ஆலையில் புதிய இயந்திரம் நிறுத்துவதானாலும், சுத்திகரிப்பு ஆலையை மூடிப் பழுது பார்ப்பதானாலும், பாலம் கட்டுவதானாலும், எந்த வேலை எப்போது, எந்த ஆள் எத்தனை மணி, செலவு எவ்வளவு என்பதையெல்லாம் வகுப்பதற்கென்றே சாப்ட்வேர்கள் இருக்கின்றன. மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'பிராஜெக்ட்' 1984இல் வெளிவந்தது. கட்டுமானக் கம்பெனிகள் அதிகம் கையாளும் 'பிரைமவேரா'வை 2008இல் ஆரக்கிள் கம்பெனி விலைக்கு வாங்கியது. நம் ஊர்க் கான்ட்ராக்டர் ஆபீஸ்களிலும் இவை புழங்குகின்றன. "அதெல்லாம் படித்தவர்கள் விஷயம், நமக்கென்ன?" என்று ஆலைத் தொழிலாளி ஒதுங்கிவிட முடியாது. அந்தத் திரையில் ஓடுவது அவருடைய மணிக் கணக்கு. அவருடைய கூலிக் கணக்கு.

கணக்கு எப்படி நடக்கிறது? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பைல். ஒவ்வொரு பைலிலும் ஆட்களின் பட்டியல். பெயருக்கு நேரே மணிக்கு இவ்வளவு என்று ஒரு ரேட். ஓவர்டைமுக்கு வேறொரு ரேட். மணியை ரேட்டால் பெருக்கினால் செலவு. 'பிராஜெக்ட்' சாப்ட்வேரில் இந்தப் பட்டியலுக்கு 'ரிசோர்ஸ்', அதாவது வளம் என்று பெயர். தொழிலாளியையும் கிரேனையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள். சிமெண்டுக்குத் தனிப் பந்தி! அது கிடக்கட்டும், விவகாரம் பெயரில் இல்லை, கூட்டலில் இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு நூற்பாலையில் ஒரே வாரத்தில் மூன்று வேலைகள் நடக்கின்றன: கொதிகலன் பழுது, புதிய ரிங் பிரேம் நிறுத்துவது, ஈரப்பத பிளாண்ட் மாற்றுவது. மூன்றுக்கும் மூன்று பைல், மூன்று சூப்பர்வைசர். ஒரு பிட்டர் கொதிகலனில் 3 மணி, பிளாண்டில் 4 மணி, ரிங் பிரேமில் 5 மணி வேலை செய்கிறார். தனித்தனியே பார்த்தால் எந்தப் பைலிலும் 8 மணியைத் தாண்டவில்லை. வேலை மிஞ்சினால் பெயரைச் சிவப்பாகக் காட்டும் சாப்ட்வேர் மூன்றிலும் சும்மா இருக்கிறது. மூன்று சூப்பர்வைசர்களும் கையை விரிக்கிறார்கள்: "என் வேலையில் அவருக்குப் பளு ஒன்றுமில்லையே!" ஆனால் மனிதர் நின்றது 12 மணி. ஆறு நாளில் 72 மணி.

மணிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பைலிலும் உள்ள செலவைச் சேர்த்தால் 7,200 ரூபாய் வரும். வாரம் 48 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. தொழிலாளிக்குப் பாதகமான பல அம்சங்களைக் கொண்ட 2020ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பும்கூட ஓவர்டைமுக்கு இரட்டிப்பு விகிதத்தையே சொல்கிறது. அப்படியானால் 48 மணிக்கு 4,800, மீதி 24 மணிக்கு 4,800, ஆக 9,600 ரூபாய் வர வேண்டும். ஒரு வாரத்தில், ஒரே ஆளின் பேரில் 2,400 ரூபாய் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை; யாரும் கூட்டவில்லை, அவ்வளவுதான்!

கூட்டுவதற்கு இயந்திரத்தால் முடியாதா? தாராளமாக முடியும். 'ரிசோர்ஸ் பூல்' என்ற பொதுப் பட்டியல் ஒன்றை வைத்து எல்லாப் பைல்களையும் அதோடு இணைத்துவிட்டால், ஒரு பெயருக்குக் கீழே எந்த வேலையில் எந்த நாள் எத்தனை மணி என்று வரிவரியாக வந்து விழும். பிட்டரின் 12 மணி அப்போது பளிச்சென்று சிவப்பாகும். பொதுப் பட்டியல் இல்லாமல் பைல்களை வெறுமனே ஒன்றாகச் சேர்த்தால் போதாது. ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் அதை இரண்டு ஆளாகவே அந்த இயந்திரம் எண்ணிக்கொள்ளும்.

பொதுப் பட்டியல் வைத்த பிறகும் ஏமாற்ற இடமுண்டு. ஓர் ஆளின் முழு அளவு 100 சதவிகிதம். அதை 150 என்று மாற்றி எழுதிவிட்டால் 12 மணி நியாயமான வேலையாகி, சிவப்பு மறைந்துவிடும். ஓவர்டைம் மணியை ஓவர்டைம் என்று தனியே எழுதாவிட்டால், எத்தனை மணி ஏறினாலும் சாதாரண ரேட்டே விழும். ஓவர்டைம் ரேட் கட்டத்தில் எதுவும் எழுதாமல் விட்டாலோ அங்கே நிற்பது பூஜ்யம். இவற்றையெல்லாம்விட மோசமானது வேறொன்று. உண்மையில் உழைத்த மணியை எழுதாமல், 'வேலை 100 சதவிகிதம் முடிந்தது' என்று மட்டும் தட்டினால், திட்டத்தில் போட்ட மணியே உழைத்த மணியாகப் பதிவாகிவிடும். திட்டத்தில் 8, உழைத்தது 12, ரிப்போர்ட்டில் 8. அந்த ரிப்போர்ட்டை வைத்து அடுத்த வேலைக்கும் 8 மணியே ஒதுக்குவார்கள். வேலைப்பளு ஏறுவது இப்படித்தான்.

செலவுக் கட்டத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே உள்ள ரேட் தொழிலாளியின் கைக்கு வரும் கூலி என்று நினைத்துவிடக் கூடாது. ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர் கம்பெனியிடம் மணிக்கு வாங்கும் தொகையாகவும் அது இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் எவ்வளவு என்று பேரம் பேசப் போகும் சங்கம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மணிக் கணக்கு யார் கையில் என்ற சண்டை புதிதல்ல. அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில், டெய்லர் என்பவர் வகுத்த முறைப்படி ஸ்டாப் வாட்சுடன் ஆட்கள் வந்து நின்றபோது, வார்ப்படத் தொழிலாளர்கள் 1911 ஆகஸ்டில் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். நாடாளுமன்றமே விசாரணை வைத்தது. பின்னர் ராணுவ ஆலைகளில் ஸ்டாப் வாட்ச் வைக்கச் சர்க்கார் பணத்தைச் செலவிடக் கூடாது என்று தடையும் வந்தது. சென்னையில் 1918இல் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தபோது, சாப்பாட்டுக்கு விடும் சொற்ப நேரமும் அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று. நிமிஷத்திற்காகச் சண்டை போட்டவர்கள் நம் முன்னோர்.

கணினிக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளின் கதையும் இதுவே. இரண்டு மூன்று பிராஜெக்டுகளில் பெயர் இருக்கும். வாராவாரம் நிரப்பும் மணித் தாளில், சில ஆபீஸ்களில், நாளுக்கு 8 மணிக்கு மேல் எழுத இடமே இருக்காது.

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை நாம். அது நன்றாகக் கூட்டத் தெரிந்த இயந்திரம். கூட்டச் சொல்லுங்கள் என்கிறோம். எல்லா வேலைகளையும் சேர்த்து, பெயர்வாரியாக, வாரம் ஒரு ரிப்போர்ட் வேண்டும். அதில் திட்டமிட்ட மணி ஒரு பத்தி, உழைத்த மணி ஒரு பத்தி, ஓவர்டைம் தனிப் பத்தி. ஒரு பிரதி தொழிலாளி கையில், ஒரு பிரதி சங்க ஆபீசில். கூலி போடுவதற்கு முன்னால் அதைக் கேட் பஞ்ச் பதிவோடு வைத்துப் பார்க்க வேண்டும். கேட்டில் 72 என்றும் ரிப்போர்ட்டில் 48 என்றும் இருந்தால், நடுவில் உள்ள 24 மணி எந்தப் பைலில் கிடக்கிறது என்று அன்றைக்கே, நிர்வாகத்தின் மேஜை முன்னாலேயே கேட்க வேண்டும்.