கோமதி சீனிவாசனும் எங்கள் சத்துணவுக் கூடமும்

சத்துணவு என்றதும் எல்லோருக்கும் எம்.ஜி.ஆர். நினைவுக்கு வருகிறார். வர வேண்டியதுதான். 1982 ஜூலை 1 அன்று திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் அவர் தொடங்கிவைத்த திட்டம்தான் எனக்கும் சோறு போட்டது. கணவரை இழந்து கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த எனக்கு வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. ஆனால் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சமூகநலத் துறையை வைத்திருந்தவர் யார் என்று கேட்டால், இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவர் எங்கள் எம்.எல்.ஏ. கோமதி சீனிவாசன். வலங்கைமான் தனித்தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் 1980இலும் 1984இலும் வென்றவர்.

வலங்கைமான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாரியம்மன் கோயில் பாடைக்காவடியும் வெடிக்கடைகளும். படித்தவர்கள் இங்கே பிறந்த சீனிவாச சாஸ்திரியாரைச் சொல்வார்கள். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து ஒரு பெண் இந்த ஊர்ப் பெயரோடு கோட்டைக்குப் போய் அமைச்சராக உட்கார்ந்ததை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அது எங்களுக்கு என்னவாக இருந்தது என்று சொல்கிறேன். எங்கள் கூடத்துச் சமையலர் காலனியிலிருந்து வந்தவர். பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்று கணக்கு. நான் அளந்து கொடுப்பேன். அவர் விறகடுப்பில் அண்டாவை ஏற்றுவார். ஈர விறகு புகைந்து கண்ணைக் கரிக்கும். முதல் வாரம் மணி அடித்ததும் தெருப்பிள்ளைகளில் பாதிப் பேர் தட்டைத் தொடாமல் வீட்டுக்கு ஓடினார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வந்து, "சமைக்க வேற ஆளே கிடைக்கலையாம்மா?" என்றார். "இந்தத் துறைக்கு மந்திரியே நம்ம வலங்கைமான் அம்மாதான் பெரியப்பா. அவங்க போட்ட கையெழுத்து செல்லும், இவங்க வச்ச சாம்பார் ஆகாதுங்களா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் மனம் அன்றே மாறியது என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வேலை நின்று தெருவிலும் கூலிக்குப் போகிற வீடுகளில் அடுப்பு எரியாத நாள் வந்தபோதுதான் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பந்திக்கு வந்தார்கள். நடவு நாட்களில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரும் பெண்பிள்ளைகள் தங்கள் தட்டிலிருந்தே அவனுக்கும் ஊட்டுவார்கள். ஆனால் அந்த வருஷம் முழுக்க எங்கள் சமையலர் கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றாரே, அதற்கு அந்த அமைச்சரின் பெயரும் ஒரு துணை. மேலே நம்மைப் போல ஒருத்தி இருக்கிறாள் என்ற எண்ணத்துக்கு அவ்வளவு பலம் உண்டு. இப்படிப்பட்ட எதிர்ப்பு பழங்கதையும் இல்லை. 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியையே முற்றுகையிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கோமதி அம்மாவுக்கு ஏன் சமூகநலம்? அவருக்குப் பிறகு இந்திரகுமாரி, சற்குணபாண்டியன், பூங்கோதை, பா.வளர்மதி, சரோஜா, கீதா ஜீவன் என்று எந்தக் கட்சி ஆண்டாலும் பெண் அமைச்சர் என்றால் அந்த நாற்காலிதானா? முன்பு இப்படி இருக்கவில்லை. 1946இல் ருக்மணி லட்சுமிபதி சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சர். 1957இல் காமராசர் லூர்தம்மாள் சைமனிடம் உள்ளாட்சியையும் மீன்வளத்தையும் கொடுத்தார். 2021இல் பதவியேற்ற 34 பேர் அமைச்சரவையில் பெண்கள் இரண்டே பேர். ஒருவருக்குச் சமூகநலம், இன்னொருவருக்கு ஆதிதிராவிடர் நலம்.

சமூகநலம் சிறிய துறை என்று நான் சொல்ல மாட்டேன். என் ஆயுளே அதில்தான் போனது. ஆனால் டெல்டாவில் நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். மேட்டூர் எப்போது திறக்கும், கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கு வரும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை எத்தனை நாள் நனையும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டுக் கஞ்சியைத் தீர்மானிக்கிற கேள்விகள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேளாண்மையும் நீர்வளமும் உணவும் ஏன் வயலில் இறங்கிய ஒரு பெண்ணின் கைக்கு வரக் கூடாது? நன்னிலம் தொகுதியில் வென்ற ஆர்.காமராஜ் உணவுத் துறையைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். எங்கள் பகுதிக்காரர் ஒருவர் அந்தத் துறையை நடத்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. எங்கள் பகுதிப் பெண்ணால் மட்டும் முடியாதா?

வலங்கைமான் நன்னிலத்தோடு சேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். 1997இல் எங்கள் வட்டம் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் மாவட்டத்துக்குப் போனது. 2008 தொகுதி மறுவரையறையில் வலங்கைமான் தொகுதியே இல்லாமல் போனது. 2011 தேர்தலில் எங்கள் வாக்கு நன்னிலத்துக்கு. நன்னிலம் பொதுத்தொகுதி. அதே மறுவரையறையில் திருவாரூரும் பொதுத்தொகுதியானது. மாவட்டத்தில் மிஞ்சிய தனித்தொகுதி திருத்துறைப்பூண்டி ஒன்றுதான். கூலி விவசாயக் குடும்பங்கள் இவ்வளவு நெருக்கமாக வாழ்கிற மண்ணில் இது நியாயமில்லை என்று அப்போதே பெரிய குரல் எழுந்திருக்க வேண்டும்.

இன்னொரு மறுவரையறை வரத்தான் போகிறது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டமும் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டப்படி தனித்தொகுதிகளிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. மறுவரையறை ஆணையம் கருத்துக் கேட்க வரும்போது வலங்கைமானிலிருந்து மனுக்கள் போக வேண்டும். எங்கள் தொகுதியைத் திருப்பிக் கொடுங்கள், தனித்தொகுதியாகவே கொடுங்கள் என்று எழுத வேண்டும். முதல் மனுவில் நான் கையெழுத்துப் போடுகிறேன். கோமதி சீனிவாசன் வென்ற இரண்டு தேர்தல்களின் ஆண்டையும் அவர் வகித்த பொறுப்பையும் அதில் தவறாமல் குறிப்பிடுவேன்.