மீனுக்கு முன் செடி

வார இறுதிகளில் அக்கம்பக்கத்து வண்ண மீன் கடைகளில் கூட்டம் குறைவதே இல்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள், விலை கேட்கும் பெற்றோர், சிறு வலையால் மீனை அள்ளி நெகிழிப் பையில் விட்டுக் காற்றடைத்துக் கட்டிக் கொடுக்கும் கடைக்காரர் என்று கடை பரபரப்பாக இருக்கும். பலர் ஒரே நாளில் தொட்டி, கூழாங்கல், மீன் எல்லாவற்றையும் வாங்கி, அன்று மாலையே நீர் நிரப்பி மீன்களை விட்டுவிடுகிறார்கள். நான்கைந்து நாள்களில் ஒரு மீன் மிதக்கிறது. அடுத்த வாரம் இன்னொன்று. "மீனுக்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று சொல்லிப் பெரியவர்கள் பிள்ளையைத் தேற்றுகிறார்கள்.

இந்த ஆறுதல் உண்மையன்று. நன்கு பராமரிக்கப்படும் தங்கமீன் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. விரல் நீளம்கூட இல்லாத நியான் டெட்ராவும் சில ஆண்டுகள் வாழும். தொட்டியில் மிதந்த மீன்களைக் கொன்றது அவசரம்.

மீன்கள் தம் செவுள்கள் வழியாக அம்மோனியாவை இடைவிடாமல் வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது பெருநீரில் கரைந்துவிடும். 20 லிட்டர் தொட்டியில் அது போக இடமில்லை. மீன் தன் கழிவையே சுவாசிக்க நேர்கிறது. செவுள்கள் எரிந்து புண்ணாகின்றன. நீரோ பார்ப்பதற்குப் பளிங்கு போல் தெளிவாக இருக்கும். அதனால்தான் காரணம் யாருக்கும் புரிவதில்லை.

பழகிய தொட்டியில் இந்த நஞ்சை நீக்குபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு தீங்கற்றது, செடிகளுக்கு உரமும்கூட. ஆனால், இந்தப் பாக்டீரியாக்கள் கடையில் வாங்கிய புதுத் தொட்டியில் இருப்பதில்லை. வடிகட்டியிலும் மணலிலும் அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். காசு கொடுத்தாலும் இந்தக் காலத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது.

எனவே, மீன் வளர்க்க விரும்பும் குடும்பம் முதல் மாதம் மீனே வாங்கக் கூடாது. நீர்ச்செடிகளை மட்டும் வளர்க்க வேண்டும். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். உணவகம் திறந்துவிட்டு ஒரு மாதம் வாடிக்கையாளரை உள்ளே விடாதது போலத் தோன்றலாம். ஆனால், அந்த ஒரு மாதத்தில்தான் வெறும் கண்ணாடிப் பெட்டி, உயிர்கள் வாழக்கூடிய இடமாக மாறுகிறது. செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக உறிஞ்சிக்கொள்கின்றன. வெளிச்சத்தில் நீருக்கு உயிர்வளி தருகின்றன. உதிர்ந்த இலைகளும், இரண்டு நாளுக்கு ஒரு முறை போடும் ஒரு சிட்டிகை மீன் உணவும் பாக்டீரியாக்கள் பெருகப் போதுமானவை.

இது புதிய கருத்தும் அன்று. லண்டனில் வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வைத்து, அவை ஒன்றுக்கொன்று எப்படித் துணைநிற்கின்றன என்று ஆராய்ந்து 1850ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். மின்வடிகட்டி இல்லாத காலம் அது. அழுகும் இலைகளை நத்தைகள் தின்றன; மீன் கழிவைச் செடி எடுத்துக்கொண்டது. நம் காலத்தில் ஜப்பானியரான தகாஷி அமானோ, தொட்டியையே மலையும் காடும் போன்ற காட்சியாக அமைக்கும் கலையை உலகெங்கும் பரப்பினார். அவருடைய தொட்டிகளில் முதலில் கண்ணில் படுவது பச்சை. மீன்கள் அதற்குள் விருந்தாளிகள் போல நீந்தும்.

முதல் மாதத்திற்கு ஏற்ற செடிகள் விலை உயர்ந்தவை அல்ல. ஜாவா பாசியையும் ஜாவா பெரணியையும் மரக்கட்டையில் நூலால் கட்டிவைத்தாலே வளரும். கிரிப்டோகொரைன் என்ற செடி கொஞ்சம் கோபக்காரச் செடி. இடம் மாற்றி நட்டால், சில நாள்களில் அதன் இலைகளெல்லாம் கரைந்து விழுந்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்துப் பலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். வேர் உயிரோடுதான் இருக்கும். காத்திருந்தால் சில வாரங்களில் புதுத் தளிர் வரும். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் எரியவிட்டால் செடியைவிடப் பாசிதான் செழிக்கும்.

சிங்கப்பூர் வீடுகளில் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று கொசு. மீன் இல்லாத, அசையாத நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். வடிகட்டியை முதல் நாளிலிருந்தே ஓடவிட்டு நீர்ப்பரப்பை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியை மெல்லிய வலையால் மூடுவதும் நல்லது. மற்றொன்று குழாய்நீர். நீரை ஓரிரவு வாளியில் வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்று பழைய அனுபவசாலிகள் சொல்வார்கள். ஆனால், சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகளை அழிக்கச் சேர்க்கப்படுவது குளோரமின். அது ஓரிரவில் போகாது. நீர்ப் பதப்படுத்தும் திரவத்தைச் சில துளிகள் சேர்த்தே ஆகவேண்டும்.

மீன் வளர்ப்பதே கொடுமை, கண்ணாடிக்குள் உயிரை அடைப்பதற்குப் பொறுமை என்ன, அவசரம் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தாய்லாந்து 2019ஆம் ஆண்டில் சண்டைமீனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அதே மீன், ஒரு குவளை நீரில் அடுக்கடுக்காக விற்பனைக்கு வைக்கப்படுகிறது. நீர்ப்பரப்புக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும் ஆற்றல் அதற்கு இருப்பதால் குவளையில் சாகாமல் இருக்கிறது. சாகாமல் இருப்பதை நன்றாக வாழ்வதாக எடுத்துக்கொள்ள முடியாது. வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஆனால், செடிகள் நிறைந்த விசாலமான தொட்டியில் கூட்டமாக நீந்தும் சிறு மீன்களின் நிலை வேறு. அங்கே அவை ஒளிந்துகொள்கின்றன, இரை தேடுகின்றன, முட்டையும் இடுகின்றன. பொழுதுபோக்கையே கைவிடச் சொல்வதைவிட, அதை ஒழுங்காகச் செய்யச் சொல்வது பொருத்தமானது.

ஒழுங்காகச் செய்யாததன் விளைவு வீட்டோடு நிற்பதில்லை. கடையில் 5 சென்டிமீட்டர் நீளத்தில், தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. தொட்டி கொள்ளாதபோது, 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று சிலர் அதை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீனுக்கு மலேசியாவில் 'ஈக்கான் பண்டாராயா', அதாவது மாநகராட்சி மீன் என்று பெயர். பெயரில் துப்புரவு இருக்கிறது, செயலில் இல்லை. அது ஆற்றங்கரையைக் குடைந்து முட்டையிடுகிறது. அதன் தோல் கவசம் போல் கடினமாக இருப்பதால் பிற மீன்கள் அதை எளிதில் தின்ன முடிவதில்லை. சிலாங்கூர் ஆறுகளில் தன்னார்வலர்கள் வலைவீசி அவற்றை அகற்றவேண்டிய நிலை வந்திருக்கிறது. சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களிலும் தென்னமெரிக்கத் திருக்கை மீன்கள் இனப்பெருக்கம் செய்து வாழ்கின்றன. அவை தாமாகப் பெருங்கடலைக் கடந்து வரவில்லை.

செடிகளும் இதற்கு விலக்கல்ல. தொட்டி அழகுக்காக வளர்க்கப்படும் கபோம்பா என்ற செடி, பகாங் மாநிலத்தின் சினி ஏரிக்குள் புகுந்து அடர்ந்து பரவிவிட்டது. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. கபோம்பாவின் தண்டு முறிந்து ஒரு துண்டு மிதந்து சென்றாலும் போதும், சென்ற இடத்தில் புதுச்செடியாக முளைத்துவிடும். எனவே, வெட்டிய நீர்ச்செடிகளைக் கால்வாயில் கொட்டாமல் உலர்த்திக் குப்பையில் போட வேண்டும். வேண்டாத மீன்களைக் கடைக்கோ வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுத்துவிடலாம். சிங்கப்பூரில் நீர்த்தேக்கங்களிலும் பூங்காக்களிலும் விலங்குகளைக் கொண்டுபோய் விடுவது சட்டப்படி குற்றம். சட்டம் இருந்தும் சிலர் இரவில் வாளியோடு செல்கிறார்கள். இரக்கம் என்று அவர்கள் நினைப்பது, விடப்பட்ட மீனுக்கும் நல்லதன்று, அங்கே ஏற்கெனவே வாழும் மீனுக்கும் நல்லதன்று.

அங்கே ஏற்கெனவே வாழும் மீன்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது மிகவும் குறைவு. அமேசான் மீன்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் பிள்ளைக்கு, ஹார்லக்குவின் ரஸ்போரா சொந்த மண்ணின் மீன் என்பது தெரியாது. செம்பு நிற உடலும் கறுப்பு முக்கோணமும் கொண்ட அந்தச் சிறு மீன் உலகமெங்கும் கடைகளில் விற்கப்படுகிறது. அதன் பூர்வீகமோ மலாயாத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா ஆகிய பகுதிகளின் காட்டு ஓடைகள். சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் நீ சூன் நன்னீர்ச் சதுப்புநிலக் காட்டில், தேநீர் நிறத்து நீரில் அது இன்றும் நீந்துகிறது. கோபக்காரச் செடி என்று மேலே சொல்லப்பட்ட கிரிப்டோகொரைனின் சில வகைகளும் இதே நிலப்பகுதிக்கு உரியவை. அவற்றுள் புக்கிட் தீமாவின் பெயரைத் தாங்கிய ஒரு கலப்பு வகை, சிங்கப்பூரைத் தவிர வேறெங்கும் இயற்கையில் காணப்படுவதில்லை. காட்டிலிருந்து இவற்றை எடுக்கக் கூடாது. எடுக்கத் தேவையும் இல்லை. பண்ணையில் வளர்ந்த ரஸ்போராவும் கிரிப்டோகொரைனும் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கின்றன.

முதல் தொட்டிக்கு இந்த இணையைவிடப் பொருத்தமானது வேறில்லை. முதல் மாதம் செடிகள். நீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனைத் திரவத்தால் உறுதிசெய்துகொண்ட பிறகு, ஆறேழு ரஸ்போராக்கள். பெண் மீன் தலைகீழாகத் திரும்பி, அகன்ற கிரிப்டோகொரைன் இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டவைக்கும். ஏறக்குறைய ஒரு நாளில் அவை பொரியும். அந்த இலை முன்கூட்டியே வளர்ந்திருந்தால்தான் அதைக் காண முடியும்.