விடை சரி, விளக்கம் எங்கே?

மதிய இடைவேளையில் எங்கள் பதினோராம் வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் சிறு கட்டங்கள் வரைந்து குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பது இவ்வாண்டு எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஒருத்தி குறிப்பு எழுதுவாள். மற்றவர்கள் விடை காண வேண்டும். ஒரு நாள் இப்படியொரு குறிப்பு இருந்தது.

வந்தவளை உற்றுப்பார், உள்ளே மழைக்காலப் பாடகி (3).

அடைப்புக்குள் இருக்கும் எண், விடையின் எழுத்துக் கணக்கு. பாடகி என்று கண்டதும் "குயில்!" என்று கூவினோம். மழைக்காலத்தில் குயில் எங்கே பாடுகிறது என்று ஒருத்தி தடுத்தாள். "அப்படியானால் மயில்!" என்றோம். மயில் ஆடுமே தவிரப் பாடாதே என்றாள் இன்னொருத்தி. அவள் சொல்லைக் கேட்பார் இல்லை. மூன்று எழுத்து சரியாக இருக்கிறதே என்று மயிலைக் கட்டத்துக்குள் அடைத்துவிட்டோம். விளைவு என்ன? கடைசிக் கட்டத்தில் விழுந்த 'ல்', மேலிருந்து கீழாக வர வேண்டிய 'நாளை' என்னும் சொல்லை 'நால்' ஆக்கி முடமாக்கிவிட்டது.

வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்த எங்கள் கணித ஆசிரியையான சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "அது சரி, 'வந்தவளை' என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?"

மீண்டும் படித்தோம். வந்தவள் யார் என்று தேடினோமே தவிர, 'வந்தவளை' என்ற சொல்லை நாங்கள் பார்க்கவே இல்லை. அதன் முதல் இரண்டு எழுத்துகளை மறைத்துப் பாருங்கள். உள்ளே தவளை உட்கார்ந்திருக்கிறது! மழைக்காலப் பாடகி அவள்தான். 'நாளை'யும் பிழைத்துக்கொண்டது.

கைதட்டிச் சிரித்தோம். மறுகணமே சற்று வெட்கமாகவும் இருந்தது. காரணம், அதே வாரத்தில்தான் கணிதத் தேர்வுத் தாள்கள் திரும்பி வந்திருந்தன. விடை சரியாக இருந்தும், வழி எழுதாத கணக்குகளுக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டிருந்தது. "விடை சரிதானே, பிறகு ஏன் குறைக்க வேண்டும்?" என்று வகுப்பில் பாதிப் பேர் முணுமுணுத்தோம். அந்த முணுமுணுப்புக்கு ஒரு தவளை பதில் சொல்லிவிட்டது!

இந்தப் புதிரின் வரலாறும் சுவையானது. முதல் குறுக்கெழுத்துப் புதிரை ஆர்தர் வின் என்பவர் அமைத்தார். அது 1913 டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்ட்' செய்தித்தாளில் வைர வடிவில் வெளிவந்தது. அதில் குறிப்புகள் நேரான பொருளையே தந்தன. பொருளை மறைத்து வைத்து விளையாடும் வகை பின்னர் இங்கிலாந்தில் வளர்ந்தது. 1926இல் 'அப்சர்வர்' இதழில் அத்தகைய புதிர்களைத் தரத் தொடங்கியவர் எட்வர்ட் பவிஸ் மாதர்ஸ். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கிமாடா. ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றத்தின் தலைவராக இருந்தவரின் பெயர் அது. வாசகரைப் படுத்தும் பாட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்!

1939இல் அவர் மறைந்தபின் அப்பணியை ஏற்ற மக்நட் ஒரு பள்ளி ஆசிரியர். அவரும் 'ஜிமெனஸ்' என்று இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரையே சூட்டிக்கொண்டார். ஆனால் வாசகருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். 1966இல் நூலாகவே விதிகளை எழுதி வைத்தார். அவற்றின் சாரம் இதுதான். குறிப்பில் விடையின் பொருள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். அந்த விடையைச் சொல் விளையாட்டாகக் கட்டும் வழி இன்னோரிடத்தில் இருக்க வேண்டும். வேலையில்லாத சொல் ஒன்றும் இருக்கக் கூடாது. குறிப்பு நம்மைத் திசை திருப்பலாம். ஆனால் பொய் சொல்லக் கூடாது.

எங்கள் கரும்பலகையிலிருந்து மேலும் இரண்டு குறிப்புகளைக் காட்டுகிறோம்.

கிளறி விதைக, புலவர் விளைச்சல் கிடைக்கும் (3).

உழவு வேலையை நினைத்தால் ஏமாந்து போவீர்கள். 'விதைக' என்பதன் எழுத்துகளைக் கிளறினால் 'கவிதை' வருகிறது. அதுதானே புலவரின் விளைச்சல்?

பாட்டுக்குப் பின் தை பிறந்தால் வழி பிறக்கும் (2).

பாட்டு என்றால் 'பா'. அதன் பின் 'தை' வந்தால் 'பாதை'. வழி பிறந்துவிட்டது! எந்தச் சொல்லும் சும்மா நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதிலிருந்து நாங்கள் கொண்ட கருத்து ஒன்றே. விளக்க முடியாத விடை நம்முடைய விடை அன்று. அது ஊகமாக இருக்கலாம். பக்கத்துப் பெஞ்சிலிருந்து வந்ததாக இருக்கலாம். நோட்ஸிலிருந்து உருப்போட்டதாக இருக்கலாம். சரியாக அமைந்துவிட்டாலும் அது கடன் வாங்கிய நகைதான். தவறாக அமைந்தாலோ, மயில் 'நாளை'யைக் கெடுத்ததுபோல் அடுத்து வருவதையும் கெடுத்துவிடும். எட்டாம் வகுப்பில் புரியாமல் உருப்போட்ட இயற்கணிதம் பதினோராம் வகுப்பில் எங்களைப் படுத்துகிற பாட்டை நாங்கள் அறிவோம்.

"பொதுத் தேர்வை வைத்துக்கொண்டு புதிர் விளையாட்டா?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானதே. ஒவ்வொரு பாடத்திலும் 'ஏன்' என்று நின்றால் பகுதிகள் முடியா என்பதும் உண்மை. வாய்பாட்டையும் சொற்பொருளையும் மனப்பாடம் செய்துதான் தீர வேண்டும். அவை இல்லாதவளுக்குப் புதிரும் விளங்காது. பா என்றால் பாட்டு என்று அறியாதவள் பாதையை எப்படிக் காண்பாள்? நாங்கள் மனப்பாடத்தைப் பழிக்கவில்லை. மனப்பாடத்தோடு நின்றுவிடுவதைத்தான் மறுக்கிறோம். இருபது நிமிட இடைவேளையில் ஒரு குறிப்பை அவிழ்ப்பது, புத்தகத்தை இன்னும் கவனமாகப் படிக்கவே எங்களைப் பழக்கியிருக்கிறது.

ஆகவே அன்புள்ள பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். தேர்வுத் தாளோடு நாங்கள் வீடு திரும்பும்போது, "எத்தனை மதிப்பெண்?" என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதன்பின், "இந்த விடை எப்படி வந்தது? எனக்குச் சொல்லிக் கொடு" என்றும் கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்த கணக்கை எந்த மகளும் மறப்பதில்லை. ஆசிரியைகளுக்கும் ஒரு விண்ணப்பம். "தெரியவில்லை" என்று உண்மையைச் சொல்பவளுக்கு, பொருளறியாமல் சரியாகச் சொல்பவளுக்குத் தரும் மரியாதையையாவது தாருங்கள்.

தங்கைகளே, இன்று ஒரு குறிப்பை உங்களுக்கு விட்டுச் செல்கிறோம்.

சூரியன் சாயும் வேளை. மணமகள் கழுத்தில் காண்பது (2).

விடையோடு எங்கள் வகுப்புக்கு வாருங்கள். வாசலிலேயே கேட்போம், "ஏன்?" என்று!