அன்னாசிப் பனிக்கூழும் அன்னைத் தமிழும்

ஒரு மொழி எங்கே வாழ்கிறது? மேடையில் வாழ்கிறது என்று எண்ணுவோர் மலேசியத் தமிழரிடையே மிகுதி. மாலையும் பொன்னாடையும் குத்துவிளக்கும் ஒலிபெருக்கியும் சூழ்ந்த அவ்விடத்தில் தமிழ் வாழ்த்தப்படுகிறது என்பது உண்மை. ஆனால் வாழ்த்தப்படுவது வேறு, வாழ்வது வேறு. தாய் தன் மகளிடம், "மெல்ல ஊற்று, சிந்தாதே, இன்னும் உறையவில்லை, கிளறிவிடு" என்று சொல்லும் இடத்தில்தான் மொழி வாழ்கிறது. அவ்விடத்திற்கு அடுக்களை என்று பெயர்.

ஆகவே ஒரு கருத்தை இங்கே துணிந்து முன்வைக்கலாம். ஜொகூர் மாநிலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் விடுமுறை நாளில் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு அன்னாசிப் பழத்தில் பனிக்கூழ் செய்யுமாயின், அது அந்த ஆண்டில் அவ்வூரில் நடக்கும் பல முழக்கங்களைக் காட்டிலும் தமிழுக்குப் பெரிய தொண்டாகும். இதனைக் கேட்டு நகைப்போர் இருப்பர். நகைப்புக்குரியது எது என்பதை இறுதியில் அவர்களே தீர்மானிக்கட்டும்.

பழப் பனிக்கூழ் என்பது பாலும் பாலேடும் சேராதது. பழக்கூழ், சீனி, சிறிது நீர், சில துளி எலுமிச்சைச் சாறு ஆகியவை சேர்ந்து உறைவதே அது. மேலைநாட்டார் இதனை 'சோர்பே' என அழைப்பர். அப்பெயரைக் கேட்டு, இது யாருக்கோ உரிய உயர்குடிப் பண்டம் என்று ஒதுங்கவேண்டியதில்லை. பருகுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லடியிலிருந்து கிளைத்ததே அப்பெயர். தமிழ்நாட்டுத் தெருமுனைக் கடைகளில் விற்கும் 'சர்பத்'தும் அதே வேரிலிருந்து வந்த உடன்பிறப்புதான். 'அன்னாசி' என்னும் பெயரோ தென் அமெரிக்கப் பழங்குடியினரின் சொல். போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது. மலாய்மொழியின் 'நானாஸ்' என்பதும் அதுவே. கடல் கடந்து வந்த பழத்தையும் அதன் பெயரையும் தன்னுடையதாக்கிக்கொண்ட மொழிக்கு, புதிய பொருளைக் கையாளும் ஆற்றல் இல்லை என்று கூறுவது அறியாமையன்றோ?

ஜொகூருக்கும் அன்னாசிக்கும் உள்ள உறவு நீண்டது. இந்நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் பரவிய காலத்தில், இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே ஊடுபயிராக அன்னாசி நடப்பட்டது. பின்னர்ப் பொந்தியான் வட்டாரத்தின் சதுப்புக் கரிமண் நிலங்களில் அது தனிப் பயிராகவே செழித்தது. அவ்வட்டாரத்தில் 'பெக்கான் நானாஸ்', அதாவது அன்னாசிப் பட்டணம், என்ற பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. 1957ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அன்னாசித் தொழில் வாரியத்தின் தலைமையகம் ஜொகூர் பாருவில் உள்ளது. 1996இல் மார்டி எனப்படும் வேளாண் ஆய்வுக் கழகம் வெளியிட்ட 'ஜொசாப்பைன்' என்னும் ஒட்டு வகையோ, ஜொகூரின் பெயரில் பாதியையும் சரவாக்கின் பெயரில் பாதியையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

இத்தகைய மண்ணில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு அன்னாசி எவ்வாறு அறிமுகமாகிறது? மஞ்சள் நிறமூட்டிய இனிப்பு நீராக. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட படமாக. 'அன்னாசிச் சுவை' என்னும் சொல்லாக. பழத்தின் கண்களைத் தொட்டறியாத விரல், பொட்டலத்தைப் பிரிக்கமட்டும் நன்கு கற்றிருக்கிறது. பால்மரக் காட்டில் விடியுமுன் எழுந்து உழைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், தங்கள் மாநிலத்துப் பழத்தின் சாயலை விலைகொடுத்து வாங்குகின்றனர். இதனை முன்னேற்றம் என்று அழைப்போர் அழைக்கட்டும்.

முன்பு இவ்வாறு இல்லை. 'ஐஸ்கிரீம் மலேசியா' என்று இந்நாட்டார் செல்லமாக அழைக்கும் பண்டத்தை அறியாதவர் இலர். நீண்ட மெல்லிய நெகிழிப் பைகளில் பழச்சாற்றையோ சர்க்கரைப் பாகையோ ஊற்றி, முடிச்சிட்டு, உறையவைத்து, வீட்டு வாசலிலேயே சில காசுக்கு விற்ற தாய்மார் பலர். புனலைப் பிடிப்பது ஒரு பிள்ளையின் வேலை. முடிச்சிடுவது மற்றொரு பிள்ளையின் வேலை. அவ்வேலையினூடே பேச்சு நடந்தது. அப்பேச்சு தமிழில் நடந்தது. பண்டம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பேச்சுதான் கடைகளில் கிடைப்பதில்லை.

செய்முறை எளிது. நன்கு பழுத்த அன்னாசியைப் பெரியவர் ஒருவர் தோல் சீவித் தரவேண்டும். கத்தி பிள்ளைகளின் கைக்கு உரியதன்று. சீவுமுன் அதன் கண்கள் சாய்வரிசைகளாகச் சுற்றிச் செல்வதைப் பிள்ளைகள் எண்ணட்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தவை பெரும்பாலும் 8, மறுபக்கமாகச் சாய்ந்தவை 13 என வரக் காண்பர். முன்னிரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும் 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்னும் வரிசையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பவை. கணக்குப் பாடம் பழத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. படித்துக் காட்டத்தான் ஆள் வேண்டும்.

பின்னர் 500 கிராம் பழத்துண்டுகளை அரைத்து, 100 கிராம் சீனியை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஆறவைத்துச் சேர்த்து, ஓர் எலுமிச்சையின் சாற்றையும் ஒரு சிட்டிகை உப்பையும் இட்டு, அகன்ற தட்டத்தில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைக்கவேண்டும். ஓரங்கள் உறையத் தொடங்கியதும் எடுத்து, முட்கரண்டியால் சுரண்டிக் கிளறி, மீண்டும் வைக்கவேண்டும். அரைமணிக்கு ஒருமுறை இவ்வாறு நான்கைந்து தடவை செய்தால் மென்மையான பனிக்கூழ் கிடைக்கும். அளப்பது, கரைப்பது, சுவை பார்ப்பது, கடிகாரம் பார்ப்பது, கிளறுவது அனைத்தும் பிள்ளைகளின் பொறுப்பு.

அவர்கள் ஏன் என்று கேட்பர். கேட்கவேண்டும் என்பதே இதன் நோக்கம். வெறும் நீர் சுழியம் பாகையில் பாறையாக இறுகும்போது, இது ஏன் கரண்டிக்கு இளகிக் கொடுக்கிறது? சீனி கரைந்த நீரின் உறைநிலை தாழ்ந்துவிடுகிறது. நீர் பனிக்கட்டியாகப் பிரியப் பிரிய, எஞ்சும் பாகில் சீனியின் செறிவு கூடுகிறது. அப்பாகின் உறைநிலை மேலும் தாழ்கிறது. ஆதலால் அக்கூழில் ஒரு பகுதி என்றும் முழுதாக உறைவதில்லை. கிளறுவது எதற்கு? படிகங்கள் பெரிதாக வளர்ந்து நாவை உறுத்தாமல், சிறிதாகவே நிற்பதற்கு. கரைசல், செறிவு, உறைநிலை, படிகம் ஆகிய நான்கு சொற்கள் ஒரு பிற்பகலில், ஒரு தட்டத்தின் முன்னே, மனப்பாடமின்றி ஒரு பிள்ளையின் சொத்தாகின்றன.

உறைபகுதி இல்லாத வீட்டிலும் இது இயலும். சிறு பையில் பழக்கூழை இட்டு இறுக மூடி, அதனைப் பெரிய பை ஒன்றில் மூன்று பங்கு பனிக்கட்டியும் ஒரு பங்கு உப்பும் சூழ வைத்து, துணியில் சுற்றிக் கால்மணி நேரம் குலுக்கினால் கூழ் உறையத் தொடங்கும். உப்புக் கலந்த பனிக்கட்டி, தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொண்டு உருகுகிறது. அக்கலவையின் குளிர் சுழியத்திற்குக் கீழே 21 பாகை செல்சியஸ் வரைகூட இறங்கவல்லது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்னும் பெயர் அதனால் வந்ததே. அன்று செல்வர்க்கும் ஆங்கிலேயர்க்கும் உரியதாக இருந்த பனிக்கட்டி இன்று எளியவர் வீட்டிலும் இருக்கிறது. மீனைக் காப்பதற்கு அப்பெட்டி பயன்படுகிறது. அறிவை வளர்க்கப் பயன்படுத்தத்தான் எவரும் முன்வருவதில்லை.

இனி, மொழிப் பூசலைப் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009இல் அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவெடுத்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. அத்திட்டத்தைத் தமிழ்ப்பள்ளிகள் ஏற்கலாமா கூடாதா என்று சமூகம் இரு கூறாகப் பிரிந்து வாதிட்டது. ஒரு சாரார், ஆங்கிலமின்றி அறிவியல் இல்லை என்றனர். மறு சாரார், தமிழில் அறிவியல் இல்லையேல் தமிழ்ப்பள்ளியே இல்லை என்றனர்.

இரண்டாம் சாராரின் அச்சம் நியாயமானது. இந்நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளிலிருந்து அறிவியல் பாடம் வெளியேறினால், தமிழ் என்பது செய்யுள் ஒப்பிக்கும் மொழியாகச் சுருங்கிவிடும். ஆயினும் அவர்களிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பள்ளியில் தமிழில் அறிவியல் வேண்டும் என்று போராடும் பெற்றோர் எத்தனை பேர், வீட்டில் ஒரு முறையேனும் 'உறைநிலை' என்னும் சொல்லைப் பிள்ளையிடம் உச்சரித்திருக்கின்றனர்? வீட்டில் கேட்டிராத சொல்லை ஆசிரியர் மட்டும் எவ்வளவு நாள் சுமப்பார்? பாடநூலில் மட்டுமே உள்ள சொல் தேர்வோடு முடியும். நாவில் சுவையோடு ஏறிய சொல் நிற்கும். உரிமைக்குக் குரல் கொடுப்பது ஒரு கடமை; பெற்ற உரிமையைப் பயன்படுத்துவது மற்றொரு கடமை. முதலாவதைச் செய்தவர் இரண்டாவதிலிருந்து விடுபட்டவராகார்.

எதிர்வாதங்கள் எழும். முதலாவது, நேரமில்லை என்பது. ஜொகூரைப் பொறுத்தவரை இது வெறும் சாக்கன்று. வைகறையில் எழுந்து, கடற்பாலத்தின் நெரிசலைக் கடந்து, சிங்கப்பூரில் உழைத்து, இரவில் திரும்பும் பெற்றோர் பல்லாயிரவர். 2014 முதல் 2024 வரை இம்மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்தோர்க்கு ஞாயிறு ஓய்வு, அவர்தம் பிள்ளைகளுக்கோ அன்று பள்ளி. அக்காலத்தில் இவ்வாதத்திற்கு வலு இருந்தது. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து சனியும் ஞாயிறும் விடுமுறையாகிவிட்டன. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருக்க இரண்டு நாள் கிடைத்துள்ளது. அவ்விரண்டு நாளையும் பேரங்காடியின் குளிரறையில் கழித்துவிட்டு, நேரமில்லை என்று கூறுவது முறையாகுமா? பனிக்கூழுக்குக் கை வேலை அரைமணி, எஞ்சியது காத்திருத்தல். காத்திருக்கக் கற்பதும் கல்வியே.

இரண்டாவது, குளிர்ந்தது உண்டால் சளி பிடிக்கும் என்பது. சளிக்காய்ச்சலுக்குக் காரணம் கிருமி, பனிக்கட்டி அன்று. ஆனால் சீனியைப் பற்றிய அச்சம் முற்றிலும் நியாயமானது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது; இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் அது மிகுதி. அதே ஆண்டு ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. வீட்டில் செய்ததனாலேயே பனிக்கூழ் மருந்தாகிவிடாது. அதுவும் இனிப்பே, அளவோடு உண்ணத்தக்கதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடைப் பொருளில் சீனி மறைந்திருக்கிறது. வீட்டிலோ 100 கிராம் சீனி பிள்ளையின் கண்முன்னே தராசில் குவிகிறது. "இவ்வளவா!" என்று அப்பிள்ளை வியக்கும் கணத்தில், நூறு எச்சரிக்கைப் பலகைகள் செய்யாததை அக்குவியல் செய்துவிடுகிறது.

மூன்றாவது எதிர்வாதம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை, நடத்தையில் காணப்படுவது. அடுக்களை பெண்ணுக்கு, கூடம் ஆணுக்கு என்னும் பழைய பங்கீடே அது. மகள் பழம் அரைக்க, மகன் கைப்பேசியில் ஆழ்ந்திருந்து, ஆறியபின் வந்து உண்பானாயின், அவ்வீட்டில் அறிவியலும் வளராது, தமிழும் வளராது. பழைய அநீதி மட்டும் குளிரக் குளிர வளரும். தந்தையும் மகனும் தட்டத்தைக் கிளறட்டும். எத்தனை மேடையில் பெண் விடுதலை பேசியவராயினும், அவர் பேச்சை அளக்கும் கோல் அக்கரண்டியே.

நான்காவது, துணைப்பாட வகுப்பு. ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, அச்சம் போகவில்லை. ஞாயிறு முழுவதும் பிள்ளையைப் பயிற்சித் தாள்களுக்கு முன் அமர்த்தும் பெற்றோர், கல்வி என்பது தாளில் மட்டுமே நிகழும் என்று நம்புகின்றனர். அளந்து, கலந்து, காத்திருந்து, தவறினால் மீண்டும் உருக்கி உறையவைத்துப் பார்க்கும் பிள்ளை கற்பது ஆய்வின் முறையையே. உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதற்கு மேலான முறை ஒன்றில்லை.

தமிழுக்குப் பல்கலைக்கழகங்கள் வேண்டும், மாநாடுகள் வேண்டும், நூல்கள் வேண்டும். அவற்றை வேண்டாமென்று எவரும் கூறவில்லை. ஆனால் அவையனைத்தும் கூரைகள். சுவர் எழாத இடத்தில் கூரை நிற்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒன்று, கையில் ஒட்டிய அன்னாசிச் சாற்றை நக்கிக்கொண்டே, "அம்மா, இன்னும் படிகம் பெரிதாக இருக்கிறது, மறுபடி கிளறவேண்டும்" என்று சொல்லுமானால் அங்கே ஒரு செங்கல் எழுந்தது எனலாம். அச்சொல் எழாத வீடுகளின் மேல் எத்தனை மாநாடு கூட்டினும், அங்கே உறைந்துபோவது பனிக்கூழ் அன்று, தமிழே.