ஓட்டிசப் பள்ளியும் மின்னதிர்ச்சியும்

ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலே, பொஸ்ரன் நகருக்கு அண்மையில், ஜட்ஜ் ரொட்டன்பேர்க் கல்வி நிலையம் என்றொரு விடுதிப் பள்ளி உண்டு. 1971 இல் இதனை நிறுவிய மத்தியூ இஸ்ரேல், நடத்தைவாத உளவியலின் பேராசானாகிய ஸ்கின்னரிடம் பயின்றவர். ஓட்டிசம் முதலிய நிலைகளையுடைய பிள்ளைகள் தம்மைத் தாமே காயப்படுத்தினாலும் பிறரைத் தாக்கினாலும், அவர்தம் உடலிற் பொருத்திய கருவியைத் தொலைவிலிருந்து இயக்கி மின்னதிர்ச்சி கொடுப்பது இங்கே சிகிச்சையெனப் பெயர் பெற்றது. 2002 இல் ஒரு மாணவன் தன் மேலங்கியைக் கழற்ற மறுத்தான். அதிலே தொடங்கி அன்றொரு நாளில் 31 தடவை அவனுக்கு அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. 2012 இல் அக்காட்சி நீதிமன்றத்திலே காட்டப்பட்டபோதுதான் ஊரார் அறிந்தனர்.

அந்நாட்டின் உணவு மருந்து நிருவாகம் 2020 மார்ச்சில் இக்கருவியைத் தடைசெய்தது. ஒரு கருவியை ஒரு நோக்கத்துக்கு மட்டும் தடுக்க அதற்கு அதிகாரமில்லையென மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021 இல் தடையை நீக்கிற்று. 2022 இறுதியில் காங்கிரஸ் சட்டத்தையே திருத்த, 2024 மார்ச்சில் நிருவாகம் மறுபடியும் தடையை முன்மொழிந்தது. சட்டத்தின் சொல்லிடுக்கிலே பிள்ளைகளின் தோல் நான்காண்டு காத்திருந்தது!

தடை வேண்டாமென வழக்காடியோருள் பெற்றோரும் இருந்தனர். அவர்களை எளிதிற் பழித்துவிடலாகாது. சுவரிலே தலையை மோதும் மகனை ஆண்டுக்கணக்காகப் பற்றிப் பிடித்துக் களைத்த தாயொருத்தி, 'வேறு வழியில்லை' என்னும்போது, அவளுக்குப் பிற வழியைக் காட்டுவதே அறிஞர் கடன்.

அவ்வழி நடத்தைப் பகுப்பாய்வுக்குள்ளேயே உண்டு. 1985 இல் எட்வேர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் இருவர் நான்கு பிள்ளைகளை ஆராய்ந்தனர். பாடம் கடினமானபோது சிலர் குழப்பம் செய்தனர். ஆசிரியரின் கவனம் குறைந்தபோது சிலர் செய்தனர். முன்னையோர்க்கு 'எனக்கு விளங்கவில்லை' எனவும், பின்னையோர்க்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' எனவும் கேட்கப் பழக்கினர். குழப்பம் வெகுவாகக் குறைந்தது. பொருந்தாத வாக்கியத்தைக் கற்பித்தபோதோ பயன் விளையவில்லை. அடியும் கடியும் பேச வாயற்ற பிள்ளையின் பேச்சாக இருத்தல் கூடுமென்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

ஆயினும் இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் கலிபோர்ணியாவின் லோவாஸ் ஆவார். 1965 இல் அவர் கூடத்து அறைகளும் அதட்டல்களும் 'லைஃப்' சஞ்சிகையிலே படங்களாக வெளிவந்தன. 1987 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 சிறுவருள் 9 பேர் சாதாரண அறிவாற்றலை அடைந்து பொது வகுப்பிற் சேர்ந்தனர். சிறுவர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டது குலுக்கல் முறையிலன்று. தொடையிலே அடிக்கும் வழக்கமும் அப்பயிற்சியில் இருந்தது. இவற்றை மறந்து எண்ணை மட்டும் நினைவிற் கொண்டோர் பலர்.

அடியை இன்று பெரும்பாலான பள்ளிகள் கைவிட்டன. ஆனால் ஓட்டிசமுடையோர் பலர் வளர்ந்தபின் எழுப்பும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. கைகளை உதறி மகிழும் சிறுமி எவருக்கும் தீங்கு செய்வதில்லை. 'கையை அடக்கு, கண்ணைப் பார்' எனப் பரிசுகொடுத்துப் பழக்கும் ஆசிரியர், அப்பயிற்சி அவளுக்கு எதற்காகவென்று அவளது பெற்றோரிடமேனும் சொல்லக் கடமைப்பட்டவர்.