நீங்கள் கேட்டவை: வந்து வந்து போகும் இமெயில்... புது ரவுட்டர் வாங்கலாமா?

“கரும்பு சாகுபடி செய்து, நாட்டுச்சர்க்கரையாக மாற்றி விற்பனை செய்து வருகிறேன். வெளியூர்க் கடைகளின் ஆர்டர்கள் இமெயிலில்தான் வருகின்றன. வீட்டில் ஃபைபர் இணைப்பும் வைஃபையும் இருக்கின்றன. ஆனால், மெயில் சில நேரம் வருகிறது. சில நேரம் ‘இணைப்பு இல்லை’ என்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. போன மாதம் 500 கிலோவுக்கு வந்த ஆர்டரை மறுநாள்தான் பார்த்தேன். அதற்குள் வேறொருவரிடம் வாங்கிவிட்டார்கள். புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?”

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

அவசரப்பட்டு வாங்க வேண்டாம். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் பாயவில்லை என்றால், எடுத்த எடுப்பிலேயே போர்வெல் மோட்டாரை யாரும் வெளியே தூக்குவதில்லை. வாய்க்காலில் உடைப்பா, பைப்பில் கசிவா, கரன்ட் சரியாக வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். மெயிலுக்கும் அதே வழிதான். மின்சாரம், வெளியிலிருந்து வரும் லைன், ரவுட்டர், வைஃபை, மெயில் கணக்கு என ஐந்து இடங்களில் எங்கே வேண்டுமானாலும் அறுபடலாம். எந்த இடம் என்று தெரிந்த பிறகு செலவு செய்தால் போதும்.

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

வந்து வந்து போகும் கோளாறைப் பிடிக்க, அது வரும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். மெயில் நின்றவுடன் ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டால் தடயம் போய்விடும். அதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்து, தேதி, நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வீடியோ, செய்தித்தளம் போன்றவை திறக்கின்றனவா? இரண்டு, ரவுட்டரில் எந்த விளக்கு, என்ன நிறத்தில் எரிகிறது? மூன்று, போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தால் மெயில் வருகிறதா? ஒரு வாரக் குறிப்பே பாதி விடையைச் சொல்லிவிடும்.

எல்லாமே நின்றால்...

ரவுட்டர் விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தால், சந்தேகம் மின்சாரத்தின் மேல். மும்முனை மின்சாரம் வந்தவுடன் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள பம்ப்செட்டுகள் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது, வீட்டு விளக்கு ஒரு நொடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அடாப்டர் பழையதாக இருந்தால் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்துவிடும். மறுபடி இணைப்பு கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகும். கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்திலும் இதே கதைதான். குறித்து வைத்த நேரமும் மோட்டார் ஓடும் நேரமும் ஒத்துப்போனால், முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். ரவுட்டரில் எழுதியிருக்கும் அதே வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது. அதிலும் சரியாகவில்லை என்றால் ரவுட்டருக்கான சிறிய யூ.பி.எஸ் வைக்கலாம்.

‘எல்.ஓ.எஸ்’ என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, மின்னினாலோ, ஃபைபர் லைனில் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. கட்டிலுக்குப் பின்னால் மடங்கியிருந்தாலும், ஆணியில் இறுக்கிக் கட்டியிருந்தாலும், எலி கடித்திருந்தாலும் இப்படி ஆகும். மடிப்பு இருந்தால் மெதுவாக நீக்கிவிடலாம். மற்றபடி இணைப்பைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்கக் கூடாது. கண்ணுக்கு ஆபத்து. நிறுவன ஊழியர்தான் வர வேண்டும்.

போனில் மட்டும் நின்றால்...

ரவுட்டரில் கேபிள் செருகிய கம்ப்யூட்டரில் இணையம் வருகிறது, போனில் வரவில்லை என்றால் வைஃபையைச் சோதிக்க வேண்டும். கனமான சுவர், தகரக் கூரை, இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அலைவரிசையைத் தடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது. ஆனால், தூரம் போகாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு. ஆனால், தூரம் போகும். களத்திலோ கொட்டகையிலோ மெயில் பார்ப்பவர்கள் 2.4-ஐத் தேர்வு செய்வது நல்லது. ரவுட்டரை மூலையிலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு வைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

மெயில் மட்டும் நின்றால்...

மற்ற எல்லாம் திறந்து, மெயில் மட்டும் வரவில்லை என்றால் ரவுட்டரைக் குறை சொல்ல முடியாது. பழைய கம்ப்யூட்டராக இருந்தால் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருந்தால், கரன்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறினால் மெயில் சர்வருடன் பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது. பேட்டரியை மாற்றினால் வேலை முடிந்தது.

போனில் பேட்டரி சேமிப்பு வசதி போட்டிருந்தால், மெயில் செயலி பின்னணியில் இயங்காது. திறந்து பார்க்கும்போதுதான் மெயில் இறங்கும். மறுநாள் பார்த்த அந்த ஆர்டருக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். போன் அமைப்புகளில் மெயில் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள். ‘ஸ்பேம்’ பகுதியையும் தினமும் பாருங்கள். ஜிமெயிலில் 30 நாள்களுக்கு மேல் ஆனால் அது தானாக அழிந்துவிடும்.

ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வீட்டில் இணைப்பு அறுந்தால் மெயில் தொலைந்துபோவதில்லை. சர்வரில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் வந்துவிடும். உண்மையிலேயே தொலைவது, கணக்கில் இடம் நிரம்பும்போதுதான். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி இடத்தைப் புகைப்படங்களும் சேர்ந்தே பங்குபோடுகின்றன. அது நிரம்பினால், அனுப்பியவருக்கே மெயில் திரும்பிப் போகும். கல்யாண வீடியோ, தோட்டத்து வீடியோ எல்லாம் சேர்ந்து ஆர்டர் வரும் வாசலை அடைத்துவிடக் கூடாது. வியாபாரத்துக்கென்று தனி மெயில் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

லைனில்தான் கோளாறு என்றால்...

நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். ‘அடிக்கடி நிற்கிறது’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘இந்தத் தேதியில், இந்த நேரத்தில், சிவப்பு விளக்கு எரிந்தது’ என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் தட்டிக்கழிக்க முடியாது. தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். ‘சரிசெய்து தருகிறோம்’ என்று யார் போன் செய்தாலும் பாஸ்வேர்டு, ஓ.டி.பி சொல்லக் கூடாது.

அடாப்டரை மாற்றியும், லைன் விளக்கு சரியாக இருந்தும், கேபிளில் செருகிய கம்ப்யூட்டரிலும் இணைப்பு நின்று நின்று வந்தால், அப்போது புது ரவுட்டரைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை, ஆர்டர் அனுப்பும் கடைக்காரர்களிடம் ‘மெயில் போட்டதும் ஒரு போன் செய்துவிடுங்கள்’ என்று சொல்லி வையுங்கள். செலவே இல்லாமல் அடுத்த ஆர்டரைக் காப்பாற்றும் வழி அதுதான்.